விலக்கில் கிடந்த நிழல்

“அன்னைக்கு அவன் குடிக்கலையாம்க்கா, அதான் மனசு ஆற மாட்டேங்குது” என்று மடியில் முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். “குடிச்சிட்டுக் கிடந்து செத்தான்னா, சரி, அவனாத் தேடிக்கிட்டதுன்னு நாம பாட்டுக்குப் போயிரலாம். இப்ப அப்படிப் போக முடியுதா?”

“அதான் செத்தும் நெழலு குடுக்கானே, இன்னும் என்ன செய்யணும்ங்கே” என்றாள் மற்றவள்.

சாயங்கால டவுன் பஸ்ஸில் அவர்களுக்கு முன் சீட்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த ஏழாம் வகுப்புச் சிறுமி செல்வமீனா, அவர்கள் பேசிக்கொண்டிருந்த கொம்பையாவின் ஒரே மகள் என்று பக்கத்து ஊர்க்காரிகளான அந்த இரண்டு பேருக்கும் தெரியாது. மீனா திரும்பிப் பார்க்கவில்லை. மெயின் ரோட்டிலிருந்து ஊர்ப் பாதை பிரியும் ஆவரங்குளம் விலக்கில் பஸ் நின்றதும் அவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நிழலுக்குள் போக, அவள் எல்லாருக்கும் கடைசியாக இறங்கி, தலையைக் குனிந்தபடி டீக்கடைக்குப் பின்னால் போய், கிளாஸ் கழுவிய தண்ணீர் ஓடும் ஓடையைத் தாண்டி, உடைமுள் காட்டுக்குள் புகுந்து, அரைக் கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு ஊருக்குப் போகும் பாதையில் ஏறினாள். காலையிலும் அப்படித்தான், பஸ் வந்து நின்ற பிறகுதான் கடைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து ஏறுவாள். பதினோரு மாதமாக இப்படி நடந்துகொண்டிருந்தது. பாவம், அப்பன் கிடந்த இடத்தைப் பார்க்கப் பிள்ளைக்கு மனசு தாங்கவில்லை என்று விலக்கில் நிற்பவர்கள் அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள். அவளும் அவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

கொம்பையா செத்தது போன பங்குனி பத்தாம் தேதி. ஜின்னிங் மில்லில் பருத்திப் பொதி தூக்கும் லோடுமேன், வேலைக்குப் போக பஸ்ஸுக்காக நின்றவன், காலை எட்டு மணிவாக்கில் பஸ் வந்து நிற்கும் இடத்திலேயே மல்லாந்து விழுந்தான். எட்டு மணியிலிருந்து பதினொன்றரை மணிவரை அங்கேயே கிடந்தான். இதற்கு முன்னாலும் அவன் அந்த விலக்கில் எத்தனையோ சாயங்காலங்கள் வேட்டி விலகக் கிடந்திருக்கிறான் என்பதால், பஸ் ஏற வந்தவர்களும் இறங்கியவர்களும், பால் கொண்டுபோனவர்களும், பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும், புல்லுக்கட்டு சுமந்து வந்தவர்களும், இப்போது காலையிலேயே ஆரம்பித்துவிட்டானா என்று சொல்லிவிட்டு ஒதுங்கிப் போனார்கள். டீக்கடை ஆவுடையப்பன் மட்டும் ஒன்பது மணிக்கு ஒரு போணித் தண்ணீரை முகத்தில் ஊற்றி, “எந்திரிச்சு வீட்டுக்குப் போப்பா, யாவாரம் நடக்கிற எடம்” என்றான். பதினொன்றரைக்கு வெளியூர் விதை வியாபாரி ஒருவர் டீ குடிக்க வந்து, கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு, “என்னய்யா இந்த ஆளுக்கு வாய் கோணிக் கிடக்கு” என்று கேட்ட பிறகுதான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. பாதி வழியில் உயிர் போயிற்று. குடியை நிறுத்துவதற்காகக் கோயிலில் கட்டிக்கொண்ட மஞ்சள் கயிறு இடுப்பில் இருந்ததை ஆஸ்பத்திரியில் வேட்டியை அவிழ்த்தபோதுதான் பார்த்தார்கள். கட்டி முப்பத்தாறு நாள் ஆகியிருந்தது.

வண்டி போனதும் ஆவுடையப்பன் அந்த இடத்தைக் கழுவிவிடலாம் என்று வாளித் தண்ணீரோடு வந்தான். உடம்பு போயிருந்தது, உடம்புக்குக் கீழே கிடந்த நிழல் போகாமல் அங்கேயே கிடந்தது. தலை, தோள், விரித்த கால்கள், வலது கை மட்டும் கொஞ்சம் தூக்கி எதையோ நோக்கி நீட்டியபடி. அவன் தண்ணீரை ஊற்றினான், நிழல் நனைந்தது, வெயிலில் தரை காய்ந்தது, நிழல் அப்படியே இருந்தது. ஆற்று மணல் ஒரு சட்டி கொண்டுவந்து தூவினான், நிழல் மணலுக்கு மேலே வந்து படுத்துக்கொண்டது. அண்ணாந்து பார்த்தான், மேலே ஒரு பருந்துகூட இல்லை. அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டதால் கடைக்குள் போய்விட்டான்.

முதல் மூன்று நாள் ஊர் அதைச் சுற்றிக்கொண்டு போனது. நாலாம் நாள் ஒரு வெள்ளாடு போய்ப் படுத்தது. அடுத்த நாள் அந்த ஆட்டை விரட்டப் போனவள், வெயிலில் வந்த மயக்கத்தில், கொம்பையாவின் இடது கைப் பக்கமாக ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, ஐஸ் வைத்த மாதிரி இருக்கிறது என்று வந்து சொன்னாள். அந்த விலக்கில் அப்போது வேறு நிழலே இல்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். நாலுவழிச் சாலை போட வந்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்த நூற்றுச் சொச்சம் புளியமரங்களை ஒரே மாசியில் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நிழற்குடை கேட்டு ஊர் மூன்று வருஷமாக மனு எழுதிக்கொண்டிருந்தது. கைப்பிள்ளைக்காரிகள் ஆவுடையப்பனின் சாக்குப் பந்தலுக்குள் ஒதுங்கினால், டீ வாங்காமல் எத்தனை நேரம் நிற்பது என்று அவர்களுக்கே கூச்சமாக இருக்கும். அதனால் ஒருவர் போனதும் பத்துப் பேர் போனார்கள், பத்துப் பேர் போனதும் ஒரு முறை ஏற்பட்டது. செருப்பைக் கழற்ற வேண்டும், பெண்கள் கைமாட்டிலும் ஆண்கள் கால்மாட்டிலும் நிற்க வேண்டும், முகத்தில் யாரும் நிற்கக்கூடாது, எச்சில் துப்பக்கூடாது, குறுக்கே தாண்டக்கூடாது. நிழலைச் சுற்றி ஒருவர் சுண்ணாம்புக் கோடு போட்டார். செம்பருத்திப் பூ வைத்து வெள்ளிக்கிழமைப் பூஜை போட ஆரம்பித்தது யார் என்று யாருக்கும் தெரியாது.

முதலில் ஆள் அளவாக இருந்த நிழல் சித்திரையில் வளர ஆரம்பித்தது. தினம் நாலு விரற்கடை. சுண்ணாம்புக் கோட்டை வாராவாரம் தள்ளிப் போட்டார்கள். ஆடியில் அது ஒரு கல்யாணப் பந்தல் அளவுக்கு வந்துவிட்டது. உள்ளே நிற்கிறவர்களுக்கு எது கை, எது கால் என்று தெரியாது. கண்மாய்க் கரையில் ஏறி நின்று பார்த்தால்தான் ஒரு மனிதன் மல்லாந்து கிடப்பதும், அவன் கை நீண்டிருப்பதும் தெரியும். எதைக் காட்டுகிறான் என்று ஊரில் பேச்சு வந்தது.

“பிராந்திக் கடை எப்பத் தொறப்பாங்கன்னு கேக்கான்” என்று ஒருவன் வேடிக்கையாகச் சொல்லி, சொந்த மாமனிடமே அறை வாங்கினான்.

பஞ்சாயத்துத் தலைவி என்று பலகையில் பெயர் இருந்த அம்மாளின் கணவர் திருவேங்கடத்தைத்தான் எல்லாரும் தலைவர் என்பார்கள். அவர் கண்மாய்க் கரையில் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, தண்ணீர் ஓட்டத்தைத்தான் காட்டுகிறான் என்று முடிவு சொன்னார். கை காட்டிய இடத்தில் போர் போட்டார்கள். அறுநூறு அடிவரை புழுதிதான் வந்தது. “பாறைக்குக் கீழ இருக்கும். அவன் என்ன பொய்யா சொல்வான்?” என்றார் திருவேங்கடம். நிழற்குடை மனுவை விசாரிக்க வந்த அதிகாரி டேப்பை வைத்து நீளமும் அகலமும் அளந்து, மேற்படி இடத்தில் ஏற்கெனவே போதுமான நிழல் உள்ளது என்று எழுதிவிட்டுப் போனார். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் அங்கே ஒரு மணி நேரம் குப்புறப் படுத்துவிட்டுப் போய் ரத்தம் பார்த்தபோது இருபது குறைந்திருந்ததாம். அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வெளியூர்க்காரர்கள் வந்து வரிசையாகப் படுத்துக் கிடந்தார்கள். ஆவுடையப்பன் சர்க்கரை இல்லாத டீ என்று தனிப் பலகை வைத்தான். பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் அவர்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்: நல்ல மனுசன், இருக்கும்போது தெரியல. நல்ல மனுசன், குடிக்கவும் இல்ல. அதை ஒருவர் சொன்னால் இன்னொருவர் உடனே ஆமா என்பார். அதற்குமேல் அந்தப் பேச்சை யாரும் கொண்டுபோக மாட்டார்கள். எட்டு மணிக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் தான் எத்தனை மணிக்கு அந்த வழியாகப் போனோம் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும்.

மீனா போனது எட்டு இருபதுக்கு.

அன்றைக்கு அவள் வரும்போதே பஸ் வந்து நின்றுவிட்டது. பக்கத்து ஊரில் ஏறி வரும் அவள் வகுப்புத் தோழிகள் அக்ஷயாவும் தங்கப்பிரியாவும் ஜன்னலில் இருந்து, “ஓடி வாடி, ஓடி வாடி” என்றார்கள். படிக்கட்டுக்குக் கீழே அப்பா கிடந்தார். ஒரு கால் படிக்குக் குறுக்கே நீண்டிருந்தது. அவர் கண் திறந்திருந்தது, அவளைப் பார்த்தார், வலது கையைத் தூக்கி அவளை நோக்கி நீட்டினார், வாயைத் திறந்து “மீ” என்றோ “ஈ” என்றோ ஒரு சத்தம் போட்டார், குடித்த நாட்களில் நாக்குக் குழறி அவர் போடும் அதே சத்தம். “யாருடி அது, ஒன்னயப் பாத்து கையை நீட்டுறாரு?” என்று ஜன்னலில் இருந்து அக்ஷயா கேட்டாள். அந்தக் கேள்வி கேட்கப்பட்டதற்கும் பதில் சொன்னதற்கும் நடுவில், மீனாவின் ஞாபகத்தில், ஒரு முழுப் பகல் இருந்தது. “தெரியல. எவனோ குடிகாரன்” என்று சொல்லிவிட்டு, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தக் காலைத் தாண்டி அவள் பஸ்ஸில் ஏறினாள். ஏறிய பிறகு சிரிக்கவும் செய்தாள். மூன்றாவது பீரியட் கணக்கு வகுப்பில் இருந்தபோது அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போக ஆள் வந்தது.

செத்தது யார் என்று பிறகு அக்ஷயாவுக்குத் தெரிந்திருக்கும். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் தன் டிபனில் பாதியை எடுத்து மீனாவின் மூடியில் வைத்தாள். மீனா அதைத் தின்றாள். 

படுத்திருப்பவரைத் தாண்டக்கூடாது, தாண்டினால் அவர் வளர மாட்டார், தெரியாமல் தாண்டிவிட்டால் வந்த வழியே திரும்பத் தாண்டிவிட வேண்டும் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தாண்டியதால்தான் அப்பா எழுந்திருக்கவில்லை என்று மீனா நம்பினாள். பரீட்சை முடிந்து லீவு விட்ட சித்திரை மாதத்தில், நிழல் இன்னும் ஆள் அளவாக இருந்த நாட்களில், ஒரு விடியற்காலையில் பால் வாங்கப் போகிறவள்போல் தூக்குவாளியோடு விலக்குக்குப் போனாள். யாரும் இல்லை. அன்றைக்குத் தாண்டியது எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் என்று நினைத்துப் பார்த்து, எதிர்ப் பக்கம் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காலைத் திரும்பத் தாண்டினாள். ஒரு தடவை போதாதோ என்று ஏழு தடவை தாண்டினாள். எழுந்திருங்கப்பா என்று வாய்க்குள் சொன்னாள். நிழல் எழுந்திருக்கவில்லை. மறுநாளிலிருந்து வளர ஆரம்பித்தது.

அது வெள்ளிக்கிழமைப் பூஜையால் வளர்கிறது என்று ஊர் சொன்னபோது, இல்லை என்று அவள் எப்படிச் சொல்வாள். தான் செய்த காரியம் தினம் நாலு விரற்கடையாக வளர்ந்து, சுண்ணாம்புக் கோட்டைத் தள்ளி, போர் போட வைத்து, பக்கத்து ஜில்லாவிலிருந்து ஆட்களை வரவழைத்துக்கொண்டிருப்பதை அவள் உடைமுள் காட்டுக்குள் நின்று பார்த்தாள். அந்தக் கை கண்மாயையும் காட்டவில்லை, தண்ணீரையும் காட்டவில்லை, எட்டு இருபது பஸ்ஸின் படியில் ஏறிய ஒரு பச்சைப் பாவாடையைக் காட்டுகிறது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பச்சைப் பாவாடைதான் பள்ளிக்கூட யூனிபார்ம் என்பதால், அதைத்தான் அவள் தினமும் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

அவள் அம்மா வெள்ளத்தாயும் நிழலுக்குப் போகவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வேன் விலக்குக்கே வந்து ஆட்களை ஏற்றும். அவள் மட்டும் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து அடுத்த நிறுத்தத்தில் ஏறினாள். வீட்டில் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சாப்பிட்டாயா, விளக்கைப் போடு, நாளைக்கு ரேஷன் என்ற மூன்று பேச்சில் பதினோரு மாதம் போயிருந்தது.

மாசிக் கடைசியில் ஒரு நாள் திருவேங்கடம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

“பங்குனி பத்து வருது தாயி. வருசம் ஒண்ணாகுது. ஊர்ல நெனவு நாள் வைக்கிறதா இருக்கோம். மைக்செட்டு, பந்தி எல்லாம் உண்டு. ஒனக்கும் பாப்பாவுக்கும் மேடையில வச்சுப் பொன்னாடை போத்தணும். எம்மெல்லே வந்தாலும் வருவாரு.”

“எங்களுக்கு எதுக்கு மாமா அதெல்லாம்?”

“அட, அவன் சும்மா ஆளா? ஊருக்கே நெழலு குடுத்தவன். குடியவும் விட்ட மனுசன். அதையும் ரெண்டு வார்த்தை நான் பேசுறேன். பாப்பாவும் அப்பாவப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும். பள்ளிக்கூடத்துல படிக்கிற பிள்ளை, பேசாதா?”

மீனா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அவருக்கு மோர் கொண்டுவரச் சொன்னாள் அம்மா. கொண்டுபோய்க் கொடுத்தபோது பாதி மோர் அவர் வேட்டியில் கொட்டியது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா அவளை முன்னால் உட்காரவைத்து ஈருளியால் பேன் இழுத்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியாமல் உட்கார்ந்திருந்ததால்தான் அவளால் சொல்ல முடிந்தது.

“அன்னைக்கு நான் பாத்தேம்மா.”

“எதை?”

“அப்பாவ. கைய நீட்டுனாங்க. யாருன்னு அக்ஷயா கேட்டா. தெரியலன்னு சொன்னேன். காலத் தாண்டித்தான் பஸ்ல ஏறுனேன்.”

ஈருளி தலையில் நின்றது. வெளியே யார் வீட்டிலோ மிக்ஸி ஓடி நின்றது.

“எத்தன மணி?” என்றாள் வெள்ளத்தாய்.

“எட்டு இருவது.”

“எனக்கு ஒம்பதரைக்கு வந்து சொன்னாக” என்றாள் அம்மா. மகள் தலையை விட்டுவிட்டு ஈருளியைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “ஆபீஸ்ல தீப்பெட்டிப் பண்டல் கட்டிக்கிட்டு இருந்தேன். வேன் டிரைவர் வந்து, ஏக்கா, ஒன் வீட்டுக்காரரு விலக்குல கெடக்காருன்னான். கெடக்கட்டும், வெயிலு ஏறுனா ஆம்லேட் மாதிரி தானாப் பெரண்டு எந்திரிப்பாருன்னேன். எல்லாரும் சிரிச்சாளுக. நானும் சிரிச்சேன்டி. ரெண்டு மணி நேரம், கையெட்டுற தூரத்துல வண்டி இருந்துச்சு, போகல. முப்பத்தாறு நாளு அந்த மனுசன் தொடல, எனக்குத்தான் தெரியும். முப்பத்தேழாம் நாளு குடிச்சிட்டாருன்னு ஊருல முந்தி நம்புனதும் நான்தான்.”

மீனா திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவின் மூச்சு பிடரியில் பட்டது.

“குடிக்கலன்னு தெரிஞ்சிருந்தா நான் நின்னிருப்பேம்மா” என்றாள்.

 வெள்ளத்தாய் மகளைக் கேட்காமல், எதிரே சுவரில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பையைக் கேட்பதுபோல், “குடிச்சிருந்தா? குடிச்சிருந்தா விட்டுட்டுப் போகலாமா?” என்றாள்.

 வெள்ளத்தாய் ஈருளியை எடுத்து விட்ட இடத்திலிருந்து மறுபடி இழுக்க ஆரம்பித்தாள். அன்று கருவாட்டுக் குழம்பு. ஒரே தட்டில் பிசைந்து இரண்டு பேரும் தின்றார்கள். பதினோரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக மீனா இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். கேட்டுவிட்டோமே என்று வெட்கப்பட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டாள். அம்மா சட்டியை அவள் பக்கம் தள்ளி வைத்தாள்.

பங்குனி பத்து வெள்ளிக்கிழமையாக வந்தது. ஊரில் வைத்ததற்குப் போகாமல் இருக்க முடியாது. காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் சுற்றுப்பாதையை விட்டு நேர்ப் பாதையில் நடந்து விலக்குக்கு வந்தார்கள். மேடை போட்டு, மைக்செட்டுக் குழாய் கட்டி, வாழைக்கன்று நட்டிருந்தது. யார் வீட்டுக் கல்யாண போட்டோவிலோ பந்தியில் உட்கார்ந்திருந்த கொம்பையாவின் முகத்தை வெட்டி எடுத்துப் பெரிதாக்கிப் பேனர் வைத்திருந்தார்கள். வாயில் சோறு இருந்ததால் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. நிழலுக்குள் சர்க்கரை வியாதிக்காரர்கள் முப்பது நாற்பது பேர் வரிசையாகக் குப்புறப் படுத்திருந்தார்கள்.

“வேண்டுதல்காரங்க எல்லாம் எந்திரிங்க, சேர் போடணும்” என்று திருவேங்கடம் மைக்கில் சொன்னார்.

எல்லாரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். ஒருவன் மட்டும் எழவில்லை. நீலக் கட்டம் போட்ட கைலி, முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், தெரியாத முகம்.

“நல்லா அயந்து வேண்டுறாரு போல. இருக்கட்டும், முடிச்சிட்டு எந்திரிப்பாரு” என்றாள் ஒரு அம்மாள், அவன் காலடியில் இருந்த பூவைத் தள்ளி வைத்துவிட்டு.

அவனைச் சுற்றி நாற்காலிகள் போட்டார்கள். அவன் தலைமாட்டில் நாற்காலி வைக்கக் குனிந்த பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தான். “மாமா, இது வேண்டுதல் இல்ல. சரக்கு.”

திருவேங்கடம் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, “இன்னைக்குன்னு பாத்து எவன்டா இவன், கொம்பையா குடியை விட்டதைப் பேசப்போற எடத்துல? தூக்கி அங்கிட்டுப் போடுங்க” என்றார். மூடிய கைக்குள்ளிருந்து அது எல்லாக் குழாயிலும் கேட்டது. நாலு பேர் அவனைக் கையும் காலுமாகத் தூக்கிக்கொண்டுபோய், சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, ஜனங்கள் செருப்பு விட்டிருந்த இடத்தில், வெயிலில் போட்டார்கள். எட்டு இருபது பஸ் வந்து நின்றது. இறங்கியவர்கள் அவனையும் செருப்புகளையும் பார்த்து ஒதுங்கி, தங்கள் செருப்பை இன்னும் கொஞ்சம் தள்ளி விட்டுவிட்டு நிழலுக்குள் போனார்கள்.

ஜன்னலில் அக்ஷயா இருந்தாள். மீனா அவளைப் பார்த்தாள். அக்ஷயா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அன்னாரின் அருமை மகள் செல்வமீனா மேடைக்கு வரவும்” என்றது மைக்.

மீனா அம்மாவின் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி வெளியே போனாள். செருப்புகளை இரண்டு பக்கமும் தள்ளிவிட்டு அவன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். பிராந்தி வாடை குப்பென்று அடித்தது. மல்லாந்து கிடந்தவனைத் தோளைப் பிடித்து இழுத்து ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். கனமாக இருந்தான். இரண்டாம் தடவைதான் புரண்டான்.

“அண்ணே, ஒங்க பேரு என்ன?” என்றாள். அவன் என்னவோ முனகினான். “அண்ணே, எந்த ஊரு?”

“பாப்பா, குடிகாரன் அவன், கிட்டப் போகாத. வாந்தி கீந்தி எடுக்கப்போறான்” என்று நாற்காலியில் இருந்து யாரோ சொன்னார்கள்.

“தெரியும்” என்றாள் மீனா. பிறகு கடையைப் பார்த்து, “அண்ணாச்சி, நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க” என்றாள்.

“குடிச்சவனுக்கெல்லாம் வண்டி வருமாத்தா?” என்றான் ஆவுடையப்பன்.

“எங்க அப்பா குடிக்காமத்தான் கெடந்தாரு. அவருக்கும் பதினொண்ணரை வரைக்கும் யாரும் போடல. நான் தாண்டிப் போனேன். இப்பப் போடுங்க.”

நிழலுக்குள் நாற்காலிகள் ஒன்றும் அசையவில்லை. பஸ் புறப்படாமல் நின்றது. ஆவுடையப்பன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். வெள்ளத்தாய் கடைக்குள் போய்க் கேட்காமலே ஒரு செம்பில் தண்ணீர் மோந்து வந்து மகளிடம் கொடுத்தாள். மீனா பாவாடை நுனியை நனைத்து அவன் உதட்டைத் துடைத்தாள். கிழக்கே சூரியன் ஏறிக்கொண்டிருந்தது, அவன் கண்ணைச் சுருக்கினான். அவள் எழுந்து சுற்றி வந்து, வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, பச்சைப் பாவாடையை விரித்து அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவள் நிழல் அவன் நெற்றியிலிருந்து மோவாய்வரை விழுந்தது. மைக்கில் இரண்டாம் தடவை அவள் பெயரைச் சொன்னார்கள். மூன்றாம் தடவை சொன்னபோது, வெயில் அவன் மோவாயில் பட ஆரம்பித்திருந்ததால், அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.